'கேன்' என்றால் 'முடியும்' மட்டும்தானா?

கீழே ஐந்து தமிழ் வாக்கியங்கள் இருக்கின்றன. ஒருமுறை வாய்விட்டுப் படித்துப் பாருங்கள்.

எனக்கு நீந்தத் தெரியும்.
இந்த அரிசி மூட்டையை என்னால் தூக்க முடியும்.
வேலை முடிந்துவிட்டது, நீங்கள் கிளம்பலாம்.
மொட்டை மாடியில் நின்றால் கோயில் கோபுரம் தெரிகிறது.
அந்த ஜன்னலைக் கொஞ்சம் திறக்கிறீர்களா?

ஐந்தும் ஐந்து விதம். முதலாவதில் 'தெரியும்', இரண்டாவதில் 'முடியும்', மூன்றாவதில் 'லாம்'. நான்காவது கண்ணுக்குத் தெரிவதைச் சொல்கிறது. ஐந்தாவது, கேள்வி மாதிரி கேட்கப்படும் ஒரு வேண்டுகோள். இவற்றை ஆங்கிலத்தில் சொல்லும்போது ஐந்திலும் ஒரே சொல்தான் வந்து உட்காரும்.

ஐ கேன் ஸ்விம்.
ஐ கேன் லிஃப்ட் திஸ் பேக் ஆஃப் ரைஸ்.
தி வொர்க் இஸ் ஓவர், யூ கேன் லீவ்.
ஃப்ரம் தி டெரஸ் யூ கேன் ஸீ தி டெம்பிள் டவர்.
கேன் யூ ஓபன் தட் விண்டோ?

நாம் ஆங்கிலம் கற்கத் தொடங்கும்போது நோட்டுப் புத்தகத்தில் 'கேன் = முடியும்' என்று ஒரு வரி எழுதிக்கொள்கிறோம். அந்த வரி தப்பில்லை. ஆனால் அது ஐந்தில் ஒரு பங்குதான். மனதுக்குள் 'முடியும்' என்ற தமிழ்ச் சொல் எழுந்தால் மட்டுமே வாயில் 'கேன்' வரும் என்று பழகிவிட்டால், மீதி நான்கு இடங்களிலும் நாம் தடுமாறுவோம். 'எனக்கு நீச்சல் தெரியும்' என்பதை நம்மில் பெரும்பாலோர் 'ஐ நோ ஸ்விம்மிங்' என்று சொல்வது இதனால்தான். கேட்பவருக்குப் புரியும். ஆனால் ஆங்கிலத்தைத் தாய்மொழியாகப் பேசுபவர் அந்த இடத்தில் 'ஐ கேன் ஸ்விம்' என்றுதான் சொல்வார். தையல் தெரியுமா? 'ஐ கேன் ஸ்டிச்.' டைப்பிங் தெரியுமா? 'ஐ கேன் டைப்.' வண்டி ஓட்டத் தெரியுமா? 'ஐ கேன் டிரைவ்.' கற்றுக்கொண்ட திறமை எதுவானாலும் 'தெரியும்' என்று நாம் சொல்லும் இடத்தில் 'கேன்' போடுங்கள்.

என்னைக் கேட்டால், 'கேன்' என்ற சொல்லை 'முடியும்' வழியாக இல்லாமல் 'தெரியும்' வழியாகவே முதலில் அறிமுகப்படுத்த வேண்டும். காரணம் இருக்கிறது.

பழைய ஆங்கிலத்தில், அதாவது ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பு பேசப்பட்ட ஆங்கிலத்தில், இந்தச் சொல்லின் பொருளே 'அறிதல்', 'தெரிந்திருத்தல்' என்பதுதான். இன்று அறிவதைக் குறிக்கும் 'நோ' என்ற சொல்லும் இதுவும் ஒரே வேரில் பிறந்தவை. ஸ்காட்லாந்தில் இன்றும் 'கென்' என்றால் தெரிந்திருப்பது. ஆங்கிலத்துக்கு உறவான ஜெர்மன் மொழியில் 'இஹ் கான் டாய்ச்' என்பார்கள். 'எனக்கு ஜெர்மன் தெரியும்' என்று பொருள். அங்கே 'பேச' என்ற சொல் கூட வேண்டியதில்லை, நாமும் 'எனக்குத் தமிழ் தெரியும்' என்று மட்டும் சொல்வது போலத்தான். தெரிந்ததால் செய்ய முடிகிறது, செய்ய முடிவதால் செய்யலாம். இப்படித்தான் ஒரு சொல்லின் பொருள் படிப்படியாக விரிந்திருக்கிறது. தமிழர் ஒருவர் 'தெரியும்' என்ற உணர்வோடு 'கேன்' சொன்னால், அந்தச் சொல்லின் பிறந்த வீட்டு வாசல் வழியாகவே உள்ளே போகிறார்.

மாறாத சொல்

இலக்கணத்தில் 'கேன்' ஒரு மோடல் வெர்ப். தமிழில் துணைவினை என்று வைத்துக்கொள்ளுங்கள். குட், மே, மைட், வில், வுட், ஷல், ஷுட், மஸ்ட் எல்லாம் இதே குடும்பம்தான். இந்தக் குடும்பத்துக்கு ஒரு நல்ல குணம் உண்டு. யார் செய்தாலும் சொல் மாறாது.

ஆங்கில வினைச்சொற்களில் ஒரு தொல்லை உங்களுக்கு ஏற்கெனவே தெரிந்திருக்கும். 'ஐ ஸ்விம்' என்பது 'ஹீ' வந்தவுடன் 'ஹீ ஸ்விம்ஸ்' ஆகிவிடும். அந்தக் கடைசி 'ஸ்' எப்போது வரும், எப்போது வராது என்று நாம் மாதக்கணக்கில் குழம்புவோம். 'கேன்' வந்துவிட்டால் அந்தக் கவலை இல்லை. ஐ கேன், யூ கேன், ஹீ கேன், ஷி கேன், வி கேன், தே கேன். 'ஹீ கேன்ஸ் ஸ்விம்' கிடையாது, 'ஹீ கேன் ஸ்விம்ஸ்' என்பதும் கிடையாது. 'ஹீ கேன் ஸ்விம்', அவ்வளவுதான்.

இது நமக்குப் புதியதும் இல்லை. தமிழில் 'போகிறேன், போகிறான், போகிறார்கள்' என்று வினை ஆளுக்கு ஆள் மாறும். ஆனால் 'நான் போகலாம், அவன் போகலாம், அவர்கள் போகலாம்' என்பதைப் பாருங்கள். 'போகலாம்' அசையவே இல்லை. 'எனக்குத் தெரியும், அவனுக்குத் தெரியும், அவர்களுக்குத் தெரியும்' என்பதும் அப்படியே. எந்தச் சொற்கள் தமிழில் மாறாமல் நிற்கின்றனவோ, அவற்றுக்கு இணையான ஆங்கிலச் சொல்லும் மாறாமல் நிற்கிறது. சின்ன வயதிலிருந்தே இந்தப் பழக்கம் நம் நாக்கில் இருக்கிறது.

ஏன் மாறுவதில்லை என்று கேட்பவர்களுக்காக ஒரு வார்த்தை. 'கேன்' உருவத்தில் ஒரு பழைய இறந்தகால வினை. 'அறிந்துகொண்டேன்' என்ற வடிவமே காலப்போக்கில் 'இப்போது தெரியும்' என்ற பொருளுக்கு வந்து நின்றுவிட்டது. நாம் 'புரிந்ததா?' என்று இறந்தகாலத்தில் கேட்டாலும் இப்போதைய நிலையைத்தானே கேட்கிறோம்? அது போல. ஆங்கிலத்தில் இறந்தகால வினைக்கு 'ஸ்' சேராது. 'ஹீ ஸ்வாம்' என்பதில் 'ஸ்' இருக்கிறதா? அதனால்தான் 'கேன்' என்பதற்கும் அது ஒட்டவில்லை. இதை மனப்பாடம் செய்ய வேண்டாம். விதி எங்கிருந்தோ விழவில்லை, அதற்கும் ஒரு கதை இருக்கிறது என்று தெரிந்தால் போதும்.

வாக்கியம் கட்டும்போது

மூன்று இடங்களில் தமிழ் நம்மை வேறு பக்கம் இழுக்கும்.

முதலாவது, ஆள். தமிழில் 'என்னால் முடியும்', 'எனக்குத் தெரியும்' என்கிறோம். 'நான்' அங்கே 'என்னால்' ஆகவும் 'எனக்கு' ஆகவும் உருமாறி நிற்கிறது. ஆங்கிலத்தில் அந்த உருமாற்றம் இல்லை. 'என்னால்' என்றாலும் 'எனக்கு' என்றாலும் வெறும் 'ஐ' போதும். அவனால், அவனுக்கு இரண்டும் 'ஹீ'. எங்களால், எங்களுக்கு இரண்டும் 'வி'.

இரண்டாவது, வரிசை. நாம் 'நீந்த முடியும்' என்று வேலையை முதலில் சொல்லி, முடியுமா முடியாதா என்பதைக் கடைசியில் வைப்போம். ஆங்கிலத்தில் 'கேன்' முதலில் வந்துவிடும், வேலை பின்னால் வரும்.

மூன்றாவதுதான் பெரிய வழுக்கல். 'நீந்த' என்பதற்கு ஆங்கிலத்தில் 'டு ஸ்விம்' என்று படித்திருக்கிறோம். எனவே 'நீந்த முடியும்' என்பதை 'கேன் டு ஸ்விம்' என்று கட்டிவிடுகிறோம். கணக்கு நியாயமானதுதான், ஆனால் 'கேன்' தனக்குப் பின்னால் 'டு' வருவதை ஏற்காது. அதற்குப் பின்னால் வினைச்சொல் எந்த ஒட்டும் இல்லாமல் வர வேண்டும். 'கேன் கோ', 'கேன் ஈட்', 'கேன் ரைட்'. 'கேன் கோயிங்' இல்லை, 'கேன் வென்ட்' இல்லை. 'கேன்' போட்டுவிட்டால் அடுத்த சொல்லுக்கு எந்த வாலும் சேர்க்காதீர்கள்.

'கேன் ஏபிள் டு' என்னும் தவறு

நம் ஊர் ஆங்கிலத்தில் மிக அதிகமாகக் காதில் விழும் தவறுகளில் ஒன்று 'ஐ கேன் ஏபிள் டு டூ இட்' என்பது. நேர்காணலில் கேட்டிருக்கிறேன், அலுவலக மின்னஞ்சல்களில் பார்த்திருக்கிறேன், நல்ல மதிப்பெண் வாங்கிய பிள்ளைகளும் சொல்கிறார்கள். இதை யாரும் சோம்பேறித்தனத்தால் செய்வதில்லை. 'கேன்' என்றால் முடியும், 'ஏபிள் டு' என்றாலும் முடியும் என்று இரண்டையும் தனித்தனியாகப் படித்திருக்கிறார்கள். பேசும் பதற்றத்தில் இரண்டும் சேர்ந்து வந்துவிடுகின்றன. தமிழில் சொன்னால் 'என்னால் செய்ய முடிய முடியும்' என்பது போல ஆகிவிடும். அப்படி நாம் சொல்வோமா?

ஒன்றைத்தான் எடுக்க வேண்டும். 'ஐ கேன் டூ இட்' அல்லது 'ஐ ஆம் ஏபிள் டு டூ இட்'. இரண்டும் சரி. பேச்சில் முதலாவதே இயல்பு, சிறியதும் கூட. 'ஏபிள் டு' வேண்டுமென்றால் அதற்கு முன்னால் 'ஆம்', 'இஸ்', 'ஆர்' ஏதாவது ஒன்று வர வேண்டும் என்பதை மறக்காதீர்கள். 'ஐ ஏபிள் டு' என்பதும் பிழைதான்.

அப்படியென்றால் 'ஏபிள் டு' எதற்கு? 'கேன்' போக முடியாத இடங்களுக்கு. இந்தக் குடும்பத்தில் இரண்டு பேர் சேர்ந்து நிற்க மாட்டார்கள். 'வில்' ஒரு மோடல், 'கேன்' இன்னொன்று. 'வில் கேன்' என்று அடுக்க முடியாது. 'இன்னும் ஆறு மாதத்தில் என்னால் ஆங்கிலத்தில் பேச முடியும்' என்று சொல்ல வேண்டுமானால் 'இன் ஸிக்ஸ் மந்த்ஸ் ஐ வில் பி ஏபிள் டு ஸ்பீக் இங்கிலீஷ்' என்று 'ஏபிள் டு' உதவிக்கு வரும். ஆனால் நாளைக்கு வருவது போன்ற ஏற்பாடுகளுக்கு 'ஐ கேன் கம் டுமாரோ' என்பதே போதும். அதற்கு 'வில்' தேவையில்லை.

கேள்வியும் பதிலும்

தமிழில் வாக்கியத்தின் வாலில் 'ஆ' சேர்த்தால் கேள்வி வந்துவிடும். 'முடியும், முடியுமா?' ஆங்கிலத்தில் வாலில் ஒன்றும் செய்வதில்லை, தலையில் இடம் மாற்றுகிறோம். 'யூ கேன் டிரைவ்' என்பது 'கேன் யூ டிரைவ்?' ஆகிறது. 'டூ யூ கேன் டிரைவ்?' என்று 'டூ' சேர்க்க வேண்டாம். 'கேன்' தானாகவே முன்னால் வந்துவிடும்.

பதிலுக்கு வினைச்சொல்லைத் திரும்பச் சொல்ல வேண்டியதில்லை. 'யெஸ், ஐ கேன்' அல்லது 'நோ, ஐ கான்ட்'. 2008-இல் பராக் ஒபாமா அமெரிக்க அதிபர் தேர்தலில் நின்றபோது 'யெஸ், வி கேன்' என்ற மூன்று சொற்கள் உலகம் முழுக்கப் பரவின. என்ன முடியும் என்று அதில் இல்லை, கவனித்தீர்களா? கேள்வி ஏற்கெனவே எல்லார் மனதிலும் இருக்கிறது, அதனால் 'கேன்' என்பதோடு நிறுத்திவிடலாம். நாமும் 'வர முடியுமா?' என்றால் 'முடியும்' என்றுதானே நிறுத்துகிறோம்?

முடியாது என்று சொல்வது

எதிர்மறை வடிவம் 'கேனாட்'. எழுதும்போது சேர்த்தே ஒரே சொல்லாக எழுதுவார்கள். பேச்சில் அது சுருங்கிவிடும். பிரிட்டிஷ் உச்சரிப்பில் 'கான்ட்' என்று நீண்டு ஒலிக்கும். அமெரிக்க உச்சரிப்பில் 'கேன்ட்', அதிலும் கடைசி 'ட்' பாதி விழுங்கப்பட்டுவிடும். இங்கேதான் காது ஏமாறுகிறது. அமெரிக்கர் ஒருவர் தொலைபேசியில் வருவேன் என்கிறாரா, வர முடியாது என்கிறாரா?

'ட்' ஒலியைத் தேடாதீர்கள். அழுத்தத்தைக் கேளுங்கள். வாக்கியத்தின் நடுவில் வரும் 'கேன்' பொதுவாக அழுத்தம் இல்லாமல் 'கன்' என்று ஓடிவிடும். 'ஐ கன் கம்' என்றால் அழுத்தம் 'கம்' மீது விழும். எதிர்மறை அப்படி ஓடாது. அதைத் தெளிவாக, முழு உயிரொலியோடு நின்று சொல்வார்கள். 'கன்' என்று சட்டென்று போனால் முடியும், நின்று ஒலித்தால் முடியாது. நீங்கள் பேசும்போதும் இதையே செய்யுங்கள். சந்தேகம் வரும் இடத்தில் 'கேனாட்' என்று முழுதாகச் சொல்வது பாதுகாப்பு.

உச்சரிப்பைப் பற்றி இன்னொன்று. தமிழில் 'கேன்' என்று எழுதினாலும் 'கேள்வி'யில் வரும் 'கே' அல்ல அது. 'பேங்க்', கிரிக்கெட் 'பேட்' என்று சொல்லும்போது வாய் அகலத் திறக்குமே, அந்த ஒலி. வீட்டுக்கு வரும் 20 லிட்டர் தண்ணீர் கேனுக்கும் இதே எழுத்துகள்தான், ஆனால் அது பெயர்ச்சொல். அது எப்போதும் முழுதாகவே ஒலிக்கும், 'கன்' ஆகாது.

பொருளிலும் ஒரு நுணுக்கம் உண்டு. தமிழில் கோபத்தில் 'முடியாது!' என்றால் அது மறுப்பு. 'இயலாது' என்பதை விட 'செய்ய மாட்டேன்' என்பதே அங்கே பொருள். ஆங்கிலத்தில் அந்த மறுப்புக்கு 'ஐ வோன்ட்' என்ற வேறு சொல் இருக்கிறது. 'ஐ கான்ட் கம்' என்றால் வர ஆசைதான், சூழ்நிலை விடவில்லை என்று கேட்பவர் எடுத்துக்கொள்வார். 'ஐ வோன்ட் கம்' என்றால் வர விருப்பமில்லை. மேலதிகாரியிடம் விடுப்புக் கேட்கும்போது இந்த இரண்டையும் மாற்றிவிட்டால் வருத்தம் வரும்.

'லாம்' எல்லாமே 'கேன்' ஆகாது

இது தொடக்கத்திலேயே தெரிந்துகொள்ள வேண்டிய ஒன்று. 'நீங்கள் வீட்டுக்குப் போகலாம்' என்பதில் உள்ள 'லாம்' அனுமதி. 'அவர் இப்போது வீட்டில் இருக்கலாம்' என்பதில் உள்ள 'லாம்' ஊகம். தமிழில் இரண்டுக்கும் ஒரே ஒட்டு. ஆங்கிலத்தில் பாதை பிரிகிறது. அனுமதிக்கு 'யூ கேன் கோ ஹோம்'. ஊகத்துக்கு 'ஹீ மே பி அட் ஹோம்' அல்லது 'ஹீ மைட் பி அட் ஹோம்'. அந்த இடத்தில் 'ஹீ கேன் பி அட் ஹோம்' என்று சொல்வதில்லை.

கண்டுபிடிக்க எளிய வழி ஒன்று உண்டு. வாக்கியத்தில் 'ஒருவேளை' சேர்த்துப் பாருங்கள். 'ஒருவேளை அவர் வீட்டில் இருக்கலாம்.' பொருள் மாறாமல் பொருந்துகிறது, எனவே 'மே' அல்லது 'மைட்'. இப்போது 'ஒருவேளை நீங்கள் வீட்டுக்குப் போகலாம்' என்று மேலாளர் சொல்வதாக நினைத்துப் பாருங்கள். அனுமதி என்ற பொருளே போய்விட்டது. அப்படியானால் அங்கே 'கேன்'தான்.

ஒன்றை மட்டும் விதிவிலக்காக வைத்துக்கொள்ளுங்கள். பொதுவாக, சில சமயம் இப்படி நடப்பதுண்டு என்று சொல்லும்போது 'கேன்' வரும். 'ஊட்டி கேன் பி வெரி கோல்ட் இன் ஜனவரி.' இது ஜனவரி மாதத்து ஊட்டியின் குணம், இன்றைய ஊகம் இல்லை. அதேபோல, இருக்கவே வாய்ப்பில்லை என்று அடித்துச் சொல்ல 'கான்ட் பி' சரியானது. 'தட் கான்ட் பி ட்ரூ', 'அது உண்மையாக இருக்க முடியாது'. இங்கே தமிழும் ஆங்கிலமும் ஒன்றாகவே நடக்கின்றன.

கேட்பது, கேட்டுக்கொள்வது

அனுமதி கேட்க 'மே ஐ கம் இன்?' என்றுதான் பள்ளியில் பழக்கினார்கள். அது மரியாதையான வடிவம், இன்றும் தப்பில்லை. ஆனால் அன்றாடப் பேச்சில் 'கேன் ஐ கம் இன்?' என்பது சாதாரணம், யாரும் தவறாக நினைக்க மாட்டார்கள். யாரிடமாவது உதவி கேட்க 'கேன் யூ ஹெல்ப் மீ?' போதும். கொஞ்சம் பணிவு வேண்டும் என்றால் 'குட் யூ ஹெல்ப் மீ?'. நாம் 'உதவுங்க' என்பதை 'கொஞ்சம் உதவ முடியுங்களா?' என்று மென்மையாக்குவது போலத்தான்.

இந்த 'குட்' இறந்தகாலத்துக்கும் பயன்படும். 'ஐ குட் ரன் ஃபாஸ்ட் அட் ஸ்கூல்', பள்ளி நாட்களில் வேகமாக ஓட முடிந்தது. ஒரே ஒருமுறை நடந்த காரியம் என்றால், உதாரணமாக இன்று காலை எப்படியோ பஸ்ஸைப் பிடித்துவிட்டேன் என்றால், 'ஐ வாஸ் ஏபிள் டு கேட்ச் தி பஸ்' என்பதே சரி. எதிர்மறையில் அந்தப் பிரிவினை இல்லை, இரண்டுக்கும் 'குடன்ட்'. இப்போதைக்கு இவ்வளவு போதும்.

கடைசியாக, தினமும் உதவும் ஓர் இடம். தொலைபேசியில் 'என் குரல் கேட்கிறதா?' என்பதை 'ஆர் யூ ஹியரிங் மீ?' என்றும் 'இஸ் மை வாய்ஸ் ஹியரிங்?' என்றும் நாம் மொழிபெயர்க்கிறோம். 'கேட்கிறது', 'தெரிகிறது' என்று நிகழ்காலத்தில் சொல்லிப் பழகியதால் வருவது அது. பார்ப்பதற்கும் கேட்பதற்கும் ஆங்கிலம் 'கேன்' சேர்க்கும். இன்று இரவு வீடியோ அழைப்பில் யாருடனாவது இதைச் சொல்லிப் பாருங்கள்.

'கேன் யூ ஹியர் மீ?'
'யெஸ், ஐ கேன் ஹியர் யூ. பட் ஐ கான்ட் ஸீ யூ.'
'வெயிட். கேன் யூ ஸீ மீ நவ்?'
'யெஸ், நவ் ஐ கேன்.'